பிரஸ் ஷாப் ரசிகமணி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களில் ஷிப்டுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். யூனிஃபார்ம் சட்டையில் மேல் பட்டன் இரண்டும் திறந்திருக்கும். உள்ளே கறுப்பு டிஷர்ட். அதில் ஏதோ எழுதியிருக்கும். என்னவென்று பக்கத்து சீட்டுக்காரர் படப்பையிலிருந்து ஒரகடம் வரை உற்றுப் பார்த்தாலும் பிடிபடாது. கேட்டால், "பேண்டு பேருங்க" என்பார். "படிக்க முடியலையே?" என்றால் முகத்தில் பெருமை கூடும். படிக்க முடிந்துவிட்டால் அது பாப் மியூசிக்காம்.

கேட்பது மெட்டல் இசை; அதனால் மெட்டல் அண்ணன் என்று இவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். டிப்ளமோ மெக்கானிக்கல். முப்பதைத் தாண்டிவிட்டார், நாற்பதை ஒப்புக்கொள்ள மாட்டார். வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் சின்ன கம்பெனி ஒன்றின் பிரஸ் ஷாப்பில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பகல் முழுக்க இரும்பு அடிபடும் சத்தத்தில் நின்றுவிட்டு, ராத்திரி ரூமுக்கு வந்து இயர்போனில் மறுபடியும் அதையே கேட்கிறார் என்பது ரூம்மேட்களின் புகார். "அங்க கேக்கறது சத்தம்டா. இது சங்கீதம்" என்பது அண்ணன் பதில். வேலையிடத்தில் இயர்பிளக் போடாத பையனை அவர் லேசில் விடமாட்டார். "காது போச்சுன்னா அப்புறம் எதை வச்சு ஸ்லேயர் கேப்ப?" என்று நிஜமான கவலையோடு கேட்பார். ஸ்லேயர் யாரென்று தெரியாத பையன், ஏதோ புது மேனேஜர் போலிருக்கிறது என்று பயந்து பிளக்கை மாட்டிக்கொள்வான்.

மெட்டல் ரசிகனுக்கு நீளமுடி லட்சணம். அதற்கு இங்கே வழியில்லை. சுழலும் எந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்குமுடி கூடாது என்பது விதி. ஒட்ட வெட்டிய தலையைத்தான் ஆட்ட வேண்டியிருக்கிறது. "ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கே மொட்டைத் தலைதான்" என்று தேற்றிக்கொள்வார். கத்திரி வெயிலிலும் கறுப்பு உடுத்துகிறவரைத் தெருவே ஒரு மாதிரி பார்க்கும். கார்த்திகை மாதம் மட்டும் நிலைமை தலைகீழ். அறுத்த பிணம் அச்சடித்த கானிபல் கார்ப்ஸ் டிஷர்ட்டில் கடைக்குப் போனாலும், "சாமி, என்ன வேணும்?" என்று மரியாதையாகக் கேட்பார்கள்.

இந்த வழிக்கு அவரைக் கொண்டுவந்தது பாலிடெக்னிக் ஹாஸ்டலில் ஒரு சீனியரின் பென்டிரைவ். முதலில் கேட்டது மெட்டாலிகாவின் 1991ஆம் வருஷத்து கறுப்பு ஆல்பம். அதிலும் அந்த மெதுவான காதல் பாட்டு. இந்தியாவில் பாதிப் பேர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். வந்தபின் வாசலை மறுப்பதுதான் சம்பிரதாயம். "1988க்கு அப்புறம் மெட்டாலிகா வித்துட்டாங்க" என்று அண்ணனும் சொல்லிவிடுவார்.

ஆல்பத் தீர்ப்புகளுக்கு அவரிடம் மூன்று டேக் உண்டு. பச்சை ஓகே, மஞ்சள் ரீவொர்க், சிவப்பு ரிஜெக்ட். ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' (1986) பச்சை. பத்துப் பாட்டு, மொத்தமே 29 நிமிஷம். சாப்பாட்டு இடைவேளை அரை மணி. ஆல்பம் முடிந்து கை கழுவ ஒரு நிமிஷம் மிச்சம். நேப்பாம் டெத் குழுவின் 'ஸ்கம்' (1987) அதைவிடப் பச்சை. அதில் ஒரு பாட்டு ஒன்றரை விநாடிகூட இல்லை. உலகிலேயே குட்டிப் பாட்டு என்று கின்னஸில் ஏறியது. "நம்ம பிரஸ் ஒரு ஸ்ட்ரோக் அடிச்சு முடிக்கறதுக்குள்ள பாட்டு முடிஞ்சிரும்" என்பார். ஸ்லீப் குழுவின் 'டோப்ஸ்மோக்கர்' ஒரே பாட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அது படப்பை நெரிசலில் பஸ் மாட்டிக்கொள்ளும் நாளுக்கென்று ஒதுக்கி வைத்தது.

மெட்டாலிகாவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (1988) மஞ்சள். அதில் பேஸ் கிட்டார் இருப்பதே காதில் விழாது. "பார்ட் மிஸ்ஸிங். அசெம்பிளில எவனும் செக் பண்ணல." அதே குழுவின் 'செயின்ட் ஆங்கர்' (2003) அப்பட்டமான சிவப்பு. அதற்கு ஒய்-ஒய் அனாலிசிஸ்கூடப் போட்டு வைத்திருக்கிறார். ஏன் ஸ்னேர் டிரம் தகர டின் மாதிரி கேட்கிறது? அடியில் இருக்கும் கம்பியை டிரம்மர் விலக்கிவிட்டார். ஏன் விலக்கினார்? அவருக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. ஏன் யாரும் தடுக்கவில்லை? அவர்தான் முதலாளி. ஐந்து 'ஏன்' கேட்க வேண்டிய இடத்தில் மூன்றிலேயே மூலகாரணம் சிக்கிவிட்டது.

வல்லம் வடகாலில் வேறொரு கம்பெனியில் அண்ணனுக்கு ஒரு பரம எதிரி உண்டு. அவரும் மெட்டல் ரசிகர்தான். பகைக்கு அதுதான் காரணம். அண்ணன் டெத் மெட்டல் கட்சி, அவர் பிளாக் மெட்டல். ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த ஊர். நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்று வடகலையும் தென்கலையும் கோர்ட்டு வரை போன கதை தெரிந்தவர்களுக்கு இந்தத் தகராறு சட்டென்று விளங்கும். நார்வேயின் டார்க்துரோன் 1994இல் வெளியிட்ட ஆல்பத்தை, நாலு டிராக் மெஷினில் வீட்டிலேயே பதிந்ததால் ஒரே இரைச்சல் என்று அண்ணன் ரிஜெக்ட் செய்தார். எதிரி அசரவில்லை. "அது டிஃபெக்ட் இல்லங்க. டிராயிங்லயே அப்படித்தான் இருக்கு." குவாலிட்டிக்காரரால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அன்று டீக்காசை அண்ணன்தான் கொடுத்தார்.

கோயில் தெருப் பெரியவர் ஒருவர், "தம்பி, இதெல்லாம் பேய்ப் பாட்டாமே?" என்று கேட்டார். அண்ணன் சிங்கப்பூர் ருத்ரா குழுவைப் போட்டுக் காட்டினார். 1992இல் தொடங்கிய குழு. டெத் மெட்டலில் வேதாந்தம் சொல்கிறவர்கள். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எந்த உபநிஷத்து?" என்றார். அது அண்ணனுக்கும் விளங்கியிருக்கவில்லை.

கச்சேரி அனுபவங்கள் தனிப் புராணம். அயர்ன் மெய்டன் 2007இலும் மெட்டாலிகா 2011இலும் பெங்களூருக்கு வந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகிற நெடுஞ்சாலை நேரே பெங்களூருக்கே போவதை ஒரு தெய்வ சங்கல்பமாகவே அண்ணன் நினைக்கிறார். அந்தச் சாலைக்காக லீவ் லெட்டரில் பாட்டி பலமுறை காலமானார். சுவீடனின் ஓபெத் 2009இல் ஐஐடி மெட்ராஸ் சாரங் விழாவுக்கே வந்து வாசித்தார்கள். அன்றைக்கு நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளும் அத்தனை பேரும் உண்மையில் வந்திருந்தால், ஐஐடி மான்களுக்கு நிற்க இடம் இருந்திருக்காது.

அண்ணனைத் தமாஷ் பேர்வழி என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த சமயத்தில், மார்ச் மாதப் பாதுகாப்பு வாரத்தில் அவர் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்.

"பர்மிங்காம்னு ஒரு ஊரு. இங்கிலாந்து நாட்டு ஒரகடம்னு வச்சுக்கங்க" என்று ஆரம்பித்தார். 1965. டோனி அயோமி, பதினேழு வயசுப் பையன், தகட்டுப் பட்டறையில் வெல்டர். வேலையை விட்டுவிட்டு கிட்டார் வாசிக்கப் போகப் போகிறான்; அன்றுதான் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், இனிப் போகவில்லை என்றான். எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்பினார். "எல்லா ஊர் அம்மாவும் ஒண்ணுதாங்க." பிரஸ்ஸில் நிற்கிற ஆள் அன்று வரவில்லை. இன்றைக்கு மட்டும் நீ நில் என்றார்கள். பழகாத எந்திரம். வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. இடது கைக்காரனுக்குக் கம்பியை அழுத்துகிற கையே வலது கைதான்.

இனி வாசிக்க முடியாது என்றார்கள் டாக்டர்கள். பட்டறை மேலாளர், இரண்டு விரலில் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பையன் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்துகொண்டான். மெல்லிய கம்பி போட்டான். பின்னாளில் சுருதியையும் இறக்கினான். கனத்த, இருண்ட நாதம் ஒன்று வந்தது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, அவனுடைய குழுவான பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் வந்தது. ஒரே நாளில் பதிந்தது. அதில் பாடிய ஆஸி ஆஸ்போர்ன், லூகாஸ் கம்பெனியில் கார் ஹாரன் சுருதி பார்த்தவர். "நம்ம பாடில லூகாஸ் டிவிஎஸ் இருக்கே, அதே லூகாஸ்தான்."

கடைசியாக அண்ணன் சொன்னது இதுதான்: "ஆள் வரலைன்னு பழகாத பையனை பிரஸ்ல நிறுத்தாதீங்க. விரல் போன எல்லாரும் அயோமி ஆக மாட்டாங்க." இந்தத் தடத்துச் சின்னப் பட்டறைகளில் விரல் இழந்தவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அண்ணனுக்கு ஆறுதல் பரிசாக ஒரு ஹாட்பாக்ஸ் கிடைத்தது. முதல் பரிசு, ஹெல்மெட் பற்றி எதுகை மோனையோடு கவிதை படித்த ஹெச்.ஆர். பெண்ணுக்கு.

2025 ஜூலை 5 அன்று ஆஸி பர்மிங்காமுக்கே திரும்பி வந்து கடைசிக் கச்சேரி பாடினார். ஜூலை 22இல் காலமானார். அண்ணன் மறுநாள் லீவ் போட்டார். லீவ் லெட்டரில் இந்த முறை பாட்டி இல்லை. "பெரியப்பா மறைவு" என்றிருந்தது.

மெட்டல் என்பது வேலையற்ற பணக்காரப் பிள்ளைகளின் கூச்சல் என்று நம்மூரில் ஒரு நினைப்பு உண்டு. அது பட்டறையில் பிறந்த பாட்டு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருண்ட நாளிலிருந்து தகடு அடித்துக்கொண்டிருக்கும் இந்த வட்டாரத்தில், ஒருவர் அதைக் கேட்பதில் அதிசயம் எதுவும் இல்லை. மற்றவர்கள் கேட்காததுதான் அதிசயம்.

அவரிடம் பேச்சுக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கறுப்பு ஆல்பம் பிடிக்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் திட்டுவார். ரூம்மேட்கள் தூங்கியபின் அவர் கேட்பதும் அதைத்தான்.