கடனே என்று...

வங்கியின் கார்ப்பரேட் கிளையில் அப்ரென்டிஸாகச் சேர்ந்திருக்கிறேன். இங்கே எல்லோரும் கடனே என்று வேலை பார்க்கிறார்களே?
*வாசகி, ஈரோடு*

கடன் கொடுக்கிற இடத்தில் வேறு எப்படிப் பார்ப்பார்களாம்?

கடன் வாங்கிய கம்பெனிகளிடமிருந்து மாதாமாதம் வரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?
*வாசகர், திருப்பூர்*

சில சமயம் சரக்கு, சில சமயம் கற்பனை! ஒரு கோடிக்கு நூல் இருப்பு என்று எழுதியிருந்தால், 25 சதவீத மார்ஜின் போக 75 லட்சம்தான் கடனுக்குக் கணக்கு. அதுவும் அந்த நூலுக்குக் காசு கொடுத்தாகிவிட்டது என்றால்தான். கடனுக்கு வாங்கிய சரக்கை முதலில் கழிக்க வேண்டும். குடோனுக்குப் போகும் அதிகாரியோடு தொற்றிக்கொள்ளுங்கள். முன்வரிசையை எண்ணியதோடு திரும்பாமல், பின்வரிசை மூட்டை ஒன்றைக் கையால் அமுக்கிப் பாருங்கள். சரக்குக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி எவ்வளவு என்று கேட்டதும் டீ வரும். குடித்துவிட்டு மறுபடியும் கேளுங்கள்.

பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை நிச்சயம்தானே?
*வாசகர், மதுரை*

ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால், 1961 அப்ரென்டிஸ் சட்டப்படி வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. கையெழுத்துப் போடுமுன் படித்திருக்கலாம். கடன் வாங்குகிறவருக்கும் அதைத்தானே சொல்கிறீர்கள்!

பெரிய கம்பெனி என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா சார்?
*வாசகர், சென்னை*

மெட்ராஸில் ஆர்பத்நாட் கம்பெனியை அப்படித்தான் நம்பினார்கள். 1906ல் திவால். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். சூடுபட்ட ஊர்க்காரர்கள் மறு ஆண்டே தொடங்கியதுதான் இந்தியன் பேங்க்.