கமிட்டி அண்ணாச்சி

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றாம் மணி அடித்து, ஆரம்பப் பாட்டு முடிந்து, சபை முழுக்க முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொல்லிக்கொண்டிருக்கிற நேரத்தில் கமிட்டி அண்ணாச்சி சர்ச் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருப்பார். தாமதமாக வந்தார் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. எல்லாருக்கும் முந்தி வந்தவர் அவர்தான். மைக்கைத் தட்டிப் பார்த்து, கோயில்பிள்ளையை ஒரு விரட்டு விரட்டி, காணிக்கைப் பைகளை எண்ணி வைத்துவிட்டுத்தான் வெளியே போனார். அறிக்கை முடிந்து ஐயர் எழுந்து பாவமன்னிப்பு வாசகத்தை ஆரம்பித்ததும், கஞ்சி போட்ட வேட்டி சரசரக்க உள்ளே வந்து முன்வரிசையில் நிற்பார். மன்னிப்பு முழுசாகக் கிடைத்துவிடும். அறிக்கை சொன்னவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவு.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் பஸ்ஸில் போனால் ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவை, இடையிடையே கரிசல், மானம் பார்த்து விதைத்த கம்பும் குதிரைவாலியும், அங்கங்கே ஓடு போட்ட சின்னச் சர்ச். ஒவ்வொரு சர்ச்சுக்கும் ஒரு கமிட்டி அண்ணாச்சி உண்டு. அதனால் நான் இன்னாரைத்தான் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வந்தால், வந்தவர்தான் அது என்று ஊர் முடிவுகட்டிவிடும்.

வயது அறுபதை ஒட்டி. ஜவுளியோ, சிமெண்ட் ஏஜென்சியோ, ரிட்டயர்டு தலைமை ஆசிரியரோ ஏதோ ஒன்று. விசிட்டிங் கார்டில் பெயர் சின்னதாகவும் பதவிகள் பெரிதாகவும் இருக்கும்: சேகரக் கமிட்டி, பள்ளிக்கூட நிர்வாகக் கமிட்டி, கல்லறைத் தோட்டக் கமிட்டி, திருமண்டலக் கவுன்சில் மெம்பர். கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சினால் 'இயேசுவின் எளிய ஊழியன்' என்று போட்டிருப்பார்.

கமிட்டி இந்தக் கரிசலில் தானாக முளைத்ததல்ல. 1834-இல் மதுரையில் மிஷன் வேலையைத் தொடங்கிய அமெரிக்கர்கள் கொண்டுவந்து நட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே மண்டபசாலையில் அவர்களுக்கு ஒரு மிஷன் ஸ்டேஷன் இருந்தது. அவர்கள் பேராயர் வேண்டாம், சபையே கூடி முடிவெடுக்கும் என்கிற வழியில் வந்தவர்கள். பிறகு 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை. அன்றைக்கு மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்துக்கு முதல் பேராயராக வந்த லெஸ்லி நியூபிகினுக்கு முப்பத்தேழு வயது. இப்போது நமக்குப் பேராயரும் உண்டு, கமிட்டியும் உண்டு. கட்சி கட்டுவதற்கு இரண்டு பக்கம் கிடைத்துவிட்டது. 1985-இல் ஜில்லாவைப் பிரித்து இந்தப் பகுதி இன்றைய விருதுநகர் மாவட்டத்தோடு போன பிறகும் திருமண்டலத்தின் பெயரில் இராமநாதபுரம் அப்படியே இருக்கிறது. "ஜில்லாவைப் பிரிக்கிறது கவர்மெண்டு வேலை, ஓட்டைப் பிரிக்கிறதுதான் நம்ம வேலை" என்பார் அண்ணாச்சி. அவருக்கு நகைச்சுவை உணர்ச்சி நிறையவே உண்டு, தன்னைத் தவிர எல்லாரைப் பற்றியும்.

அவர் கொடுக்கமாட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். தாராளமாகக் கொடுப்பார். கொடுத்தது தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஃபேன் இறக்கையில் 'உபயம்', பெஞ்சு முதுகில் 'உபயம்', சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் நடுவில் 'உபயம்'. டியூப்லைட்டில் குறுக்கே எழுதியதால் பீடத்துக்கு மேலே அவருடைய இனிஷியல் அளவுக்கு வெளிச்சம் குறைவு. இங்கே ஒன்று சொல்லவேண்டும். திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன் என்ற பையன், பிற்பாடு ரமண மகரிஷி, மதுரையில் அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூலில்தான் படித்தான். 1896-இல் வீட்டைவிட்டுப் போகும்போது அண்ணனுக்குக் கட்ட வேண்டிய காலேஜ் பீஸ் ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைச் சீட்டோடு வைத்துவிட்டுப் போனான். சீட்டில் பணக்கணக்கு ஒழுங்காக இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வெறும் கோடு. "நம்ம மிஷன் ஸ்கூல் பையன்லா!" என்று அண்ணாச்சி பெருமையாகச் சொல்லுவார். மிஷன் ஸ்கூலில் கற்றதில் எது பாக்கி, எது வரவு என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

அண்ணாச்சியின் முழு உருவத்தையும் பார்க்க வேண்டுமானால் அறுப்பின் பண்டிகைக்கு வரவேண்டும். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வைத்து, அதைக் கொண்டுவந்து கொட்டிய ஏழைச் சபைகள் இவை. மழை பொய்த்த வருசத்திலும் ஏதோ ஒரு மரக்கால் தானியமாவது பீடத்தடிக்கு வந்துவிடும். இப்போதும் வருகிறது. வாழைத்தார், பூசணிக்காய், முட்டை, கால் கட்டிய சேவல், கட்டுக்கட்டாகக் கரும்பு. ஒரு கிழவி சுளகில் கொத்தமல்லி விதையைப் புடைத்துச் சுத்தம் பண்ணிக் கொண்டுவந்திருந்தாள். ஒரு தூசி, ஒரு காம்பு இல்லை. சுளகை வைத்துவிட்டு, யாராவது கால் தட்டிக் கொட்டிவிடுவார்களோ என்று அதன் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாள்.

ஆராதனை முடிந்ததும் ஏலம். ஜிப்பா போட்ட வாலிபர் சங்கத்துப் பையன் மைக்கைப் பிடிக்கிறான். பூசணிக்காய் நூறு ரூபாயில் தொடங்குகிறது. எதிரணிப் பொருளாளர் இருநூறு என்கிறார். அண்ணாச்சி ஐந்நூறு. அவர் ஆயிரம். இவர் இரண்டாயிரம். இரண்டு பேர் வீட்டிலும் பூசணிக்காய் சமைக்கமாட்டார்கள். மூவாயிரத்தைத் தாண்டும்போது பூசணிக்காயை எல்லாரும் மறந்துபோயிருப்பார்கள். பையன் அதைத் தூக்கிக்கொண்டு நிற்பதையும் மறந்துபோயிருப்பார்கள். "நாலாயிரம்! ஒருதரம், ரெண்டுதரம்…" கைதட்டல். அண்ணாச்சி ஜெயித்துவிட்டார். தொகை அன்றைக்கே வராது, நோட்டில் ஏறும். நோட்டில் அதற்கு ஏலப் பாக்கி என்று பெயர். சில பாக்கிகளுக்குத் திடப்படுத்தல் கொடுக்கிற வயது ஆகிவிட்டது. கிழவியின் மல்லி எண்பது ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் கையோடு காசைக் கொடுத்தார், சுளகைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார். அவள் அதற்காக மத்தியானச் சாப்பாடு முடிகிறவரைக்கும் காத்திருந்தாள்.

லெந்து காலத்தில் அண்ணாச்சி கறி தொடமாட்டார். நாற்பது நாள் என்றால் நாற்பது நாள், அதில் கறார். சாயங்காலம் புரோட்டாக் கடையில், விருதுநகர்ப் பாணியில் எண்ணெயில் பொரித்து எடுத்த புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, "சால்னா மட்டும் ஊத்துப்பா, பீஸ் வராமப் பாத்துக்க" என்பார். கடைக்காரர் கரண்டியைச் சாய்த்து வடித்து ஊற்றுவார். தப்பித்தவறி ஒரு துண்டு விழுந்துவிட்டால் அது கடைக்காரர் செய்த பாவம்.

கேஸ் போடுவதிலும் அவருக்கு அனுபவம் அதிகம். சகோதரர்கள் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டு அவிசுவாசிகளிடம் நியாயம் கேட்டுப் போவதைப் பவுல் கண்டித்திருக்கிறாரே என்று ஒரு வேதபாட டீச்சர் அவரிடமே கேட்டுவிட்டார்.

"அது கொரிந்து சபைக்கு எழுதினதும்மா," என்றார் அண்ணாச்சி. "நாம மதுரை-இராமநாதபுரம்."

அவரை மட்டும் சொல்லி என்ன? 2024-இல் தென்னிந்தியத் திருச்சபையின் நிர்வாகத்தையே கவனித்துக்கொள்ள ஓய்வுபெற்ற நீதிபதிகள் இரண்டு பேரைச் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்து உத்தரவிட்டது. தலைமைத் தேர்தலில் நடந்ததாகச் சொல்லப்பட்ட குளறுபடிகளின் விளைவு அது. அந்தச் செய்தி வந்த அன்று அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டு வருத்தமாகத் தலையை ஆட்டினார். "மேல இருக்கவங்க மனந்திரும்பணும்." கமிட்டி அண்ணாச்சியின் இறையியல் மொத்தமும் இந்த வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். மேலே இருப்பவர்கள் மனந்திரும்ப வேண்டும். டிவி பார்க்கிற பெண்கள் மனந்திரும்ப வேண்டும். ஆராதனையில் கிட்டார் வாசிக்கிற பையன்கள், ஊழியத்தைப் பணமாக்குகிற பெந்தெகொஸ்தேகாரர்கள், வருசத்துக்கு ஒருநாள் கிறிஸ்துமஸுக்கு மட்டும் தலைகாட்டுகிற சென்னைக்காரர்கள் எல்லாரும் மனந்திரும்ப வேண்டும். உலகம் சபைக்குள்ளே வந்துவிட்டது என்று அவர் மனதாரப் புலம்புவார். எந்தக் கதவு வழியாக வந்தது என்று அவருக்குத் தெரியாது. சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருக்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகு இதையும் சொல்லாவிட்டால் அநியாயம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். குழி வெட்ட ஆள், பெட்டி, மாலை, மதுரை பெரியாஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவர வண்டி, எல்லாம் விடிவதற்குள் நடந்திருக்கும். வண்டி வாடகையைத் தன் கையிலிருந்தே கொடுப்பார், திருப்பிக் கேட்கமாட்டார். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்த பிறகு, சட்டையெல்லாம் செம்புழுதியோடு அந்த வீட்டுப் பையன் தோளில் கை வைத்து நிற்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் பதவி எதுவும் இருக்காது. அடுத்த தேர்தலில் அந்த வீட்டு ஓட்டு எத்தனை என்று அவருக்குத் தெரியும் என்பதும் உண்மைதான். இரண்டில் எது முந்தி என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை அவர் வீட்டு மாடியில் மட்டன் சாப்பாடு. சபை கைகழுவிவிட்டு வந்துதான் ஓட்டுப் போடுகிறது, பிலாத்து மாதிரி.

இந்த லட்சணத்தில் போன லெந்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் போடுவதென்று கமிட்டியில் முடிவாயிற்று. தலைப்பு 'மனந்திரும்புங்கள்'. பஸ் ஸ்டாண்டில் வைத்த ஃபிளெக்ஸில் அந்த ஒரு சொல்லுக்கு இடம் பிடிப்பதற்குள் போதும்போதும் என்றாகிவிட்டது. கமிட்டி மெம்பர்கள் எல்லாருடைய படமும் வரவேண்டும், அதிலும் ஒரே சைஸில் வரவேண்டும். அண்ணாச்சி படம் அரை இஞ்சு பெரிதாக வந்துவிட்டதென்று எதிரணி முதல்நாள் கூட்டத்துக்கே வரவில்லை.

வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒல்லியான மனிதர். முதல்நாள் சகேயுவை எடுத்தார். சகேயு மரத்தில் ஏறிய கதை அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடிக்கும். "நம்ம ஊர்ல ஏறணும்னா கருவையிலதான் ஏறணும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். இறங்கி வந்து, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்த கட்டம் வந்தபோது ஜெனரேட்டர் டீசலைப் பார்க்க எழுந்து போய்விட்டார். இரண்டாம் நாள் நினிவே. ராஜா சிங்காசனத்தைவிட்டு இறங்கி, இரட்டு உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்தான். ஆடுமாடுகளுக்குக்கூட இரட்டு உடுத்தினார்கள். "இந்தப் பக்கம் சாம்பலுக்கா பஞ்சம்? கருவை வெட்டி ஊரெல்லாம் கரிமூட்டம் போடுறீங்க. சாக்குக்குத்தான் பஞ்சமா? மல்லி மூட்டையும் வத்தல் மூட்டையுமாக் கெடக்கு. உட்காருறதுக்குத்தான் ஆளக் காணோம்" என்றார் பிரசங்கியார். கூட்டம் சிரித்தது. அண்ணாச்சி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்துவிட்டு, எதிரணி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் கடைசியில் பிரசங்கியார் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். யாரும் யாரையும் பார்க்க வேண்டாம், மனந்திரும்புகிறவர்கள் மட்டும் கையை உயர்த்துங்கள் என்றார். கீபோர்டு மெல்ல இழுத்தது. எங்கோ ஒரு விசும்பல். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கல்லுடைக்கப் போகிறவர், நெசவுக்காரர், கிட்டார் பையன், மல்லிக் கிழவி. அவளுக்கு மனந்திரும்ப என்ன இருந்ததோ, இரண்டு கையையும் தூக்கினாள்.

அண்ணாச்சி கண்ணை மூடவில்லை.

கூட்டம் கலைந்ததும் வெஸ்ட்ரிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஐயர் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எண்ணிட்டேன். எதிரணியில பொருளாளரோட சேத்து ஒம்போது பேரு கையத் தூக்கிட்டாங்க. எல்லார் முன்னாலயும் ஒப்புக்கிட்டாங்கள்ல? கட்டடக் கணக்க இப்பத் தொறந்து பாத்துருவமா?"

ஐயர் மடித்த அங்கியைப் பெட்டிக்குள் வைத்தார்.

"பாத்துருவோம் அண்ணாச்சி. மொதல்ல ஏலப் பாக்கி நோட்டு இருக்கு. அதுல ஆரம்பிச்சு, அப்படியே கட்டடத்துக்குப் போவமா?"

அண்ணாச்சி சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்.

"ஜெபிச்சிட்டுச் சொல்றேன்யா," என்றார்.