சல்லடை இல்லாத முத்து வியாபாரம்

மூன்று லட்ச ரூபாய் மியூசிக் பிளேயரையும் ஒரு லட்ச ரூபாய் பிளேயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட நெடிய விமர்சனம் ஒன்றை இந்த வாரம் படித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. விலை கூடியதில் மேல்ஸ்தாயி முத்து முத்தாக உதிர்கிறதாம். முத்து விஷயத்தில் தூத்துக்குடிக்காரனிடம் வாயைக் கொடுக்கக் கூடாது. இரண்டு பிளேயரிலும் வால்யூமை எதை வைத்துச் சமன் செய்தார்கள், எது எது என்று தெரியாமல் கேட்டார்களா என்ற இரண்டே கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. சவுண்ட்ஸ்டேஜின் (ஒலி விரிந்து கேட்கும் மேடையின்) அகலம், பேஸின் கனம், குரலைச் சுற்றியுள்ள காற்றோட்டம் என்று மற்றதெல்லாம் இருக்கிறது. எது நல்ல பிளேயர் என்பதைக் கடைசியில் நானே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் நம் ஆடியோ பைத்தியக் கூட்டத்தின் இந்த ஒப்பீட்டுத் தொழிலைக் கொஞ்சம் தோலுரித்துப் பார்த்துவிடலாம்.

மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த முத்தை யாரும் வர்ணித்துத் தரம் பிரிக்கவில்லை. அதற்குப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதல் சல்லடையில் 20 துளை, பத்தாவதில் 1000. எந்தச் சல்லடையில் முத்து நிற்கிறதோ அதுதான் அதன் அளவு. அதற்குப் பிறகுதான் உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி, அணதாரி என்று வகை பிரிப்பார்கள். அப்புறம் நிறை. விலையைப் பற்றிய பேச்சு எல்லாவற்றுக்கும் கடைசியில். திறக்காத சிப்பியை ஆயிரம் ஆயிரமாக ஏலம் எடுத்துச் சூதாடியவர்கள்கூட, திறந்த பிறகு சல்லடையைத்தான் தேடினார்கள். வளர்ப்பு முத்து வந்தபோதும் வியாபாரம் அப்படியேதான் நடந்துகொண்டது. 1973-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். வளர்ப்பு முத்தா, இயற்கை முத்தா என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வது பழுத்த வியாபாரிக்கும் கஷ்டம். அவர் அதை ஒப்புக்கொண்டு எக்ஸ்ரேக்கு அனுப்புகிறார். எக்ஸ்ரேயா, என் கண் போதும் என்று முறுக்கிக்கொள்வது நாம்தான்.

ஒலிக்கும் சல்லடை உண்டு. வோல்ட்மீட்டர் வைத்து இரண்டு பிளேயரின் வெளியீட்டையும் 0.1 டெசிபலுக்குள் சமன் செய்ய வேண்டும்; எது ஒலிக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியக் கூடாது. ஒரு டெசிபல் கூடினால், சத்தம் கூடியதாகக் காது சொல்லாது, தரம் கூடியதாகச் சொல்லும். சல்லடையில் போட்டால் என்ன ஆகிறது? 2007-ல் மேயர், மொரான் என்ற இருவர், உயர் தெளிவுப் பதிவையும் அதே பதிவைச் சிடி தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276 முறை. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதே கணக்குதான் வந்திருக்கும். பழகிய காது வேறு என்பார்கள். உண்மைதான். 2016-ல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்ததில் சரியான பதில் 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்றவர்கள் 60 சதவீதத்தை ஒட்டி வந்தார்கள். வேறுபாடே இல்லை என்று நானும் சாதிக்கவில்லை. பத்துக்கு ஆறு என்பதற்குப் பெயர் முத்து முத்தாக உதிர்வது அல்ல. அந்தச் சோதனைகள்கூடப் பதிவுத் தரத்தைப் பற்றியவை. இரண்டு நல்ல பிளேயர்களுக்கு நடுவே அந்த அளவு வித்தியாசமாவது இருக்குமா என்பது என் சந்தேகம்.

சரி, இனி நியாயமாகவே ஒப்பிடுவோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஃபேனை நிறுத்த வேண்டும். ஓடுகிற ஃபேன் 40, 50 டெசிபல் இரையும். சிடியின் 16 பிட் பதிவு, மிக மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி தரும். அந்த மெல்லிய முனை ஃபேனுக்கு மேலே எழ வேண்டுமானால் உச்சம் 140-ஐத் தொட வேண்டும். 120, 130-லேயே காது வலித்துவிடும். 24 பிட் கேட்பவர்களுக்கு 144 டெசிபல் இடைவெளி தேவைப்படுகிறது. அந்தச் சத்தம் துறைமுகத்துக்குள் கப்பலை அழைக்கத்தான் உதவும். ஆகவே ஃபேன் நிற்கட்டும். மே மாதத் தூத்துக்குடியில் ஃபேன் நின்றால் ஜன்னலைத் திறக்க வேண்டும். திறந்தால் கண்டெய்னர் லாரியின் ஹார்ன் வீட்டுக்குள் வரும். சாத்தினால் வியர்க்கும், வியர்த்தால் இயர்போன் நழுவும், நழுவினால் பேஸ் போய்விடும், உடனே இந்த பிளேயர் கொஞ்சம் மெலிவு என்று எழுதிவிடுவோம். ஏசிக்குள்ளும் ஒரு ஃபேன் இருக்கிறது. நள்ளிரவில் கேட்கலாம் என்றால் ஃப்ரிட்ஜ் விழித்திருக்கும். ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டால் கொசு. கொசுவின் சவுண்ட்ஸ்டேஜ் மட்டும் அபாரம், இடக்காதிலிருந்து வலக்காதுக்குத் துல்லியமாக நகரும். அதை விரட்ட ஃபேன் வேண்டும். காதை அடைக்கும் இயர்போன் 20 டெசிபலைத் தடுக்குமே என்பீர்கள். தடுக்கும். பதிலுக்கு நம் மூச்சையும் ஒயர் சட்டையில் உரசுவதையும் சேர்த்துக் கொடுக்கும். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா. அதை ஒட்டி அம்மன் கோயில் கொடைகள். மார்கழியில் விடியுமுன்பே குழாய் ஸ்பீக்கர். மிச்சமிருப்பது மின்தடை நாள் ஒன்றுதான். அன்று பக்கத்துக் கடையில் ஜெனரேட்டர் ஓடும்.

பொருளின் தரமாவது பேசுமே என்பது அடுத்த வாதம். 2016-ல் சோனி, ஆக்ஸிஜன் நீக்கிய செம்பைக் குடைந்து தங்க முலாம் பூசி ஒரு வாக்மேன் செய்தது. எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, விலை 3,200 டாலர். அதற்கு முந்தைய ஆண்டு, மின் இரைச்சல் குறைவு என்று சொல்லி இசைக்கென்றே ஒரு மெமரி கார்டை விற்றது. செம்பில் களிம்பு ஏறுவதைச் சைவ சித்தாந்தம் படித்தவர்கள் அறிவார்கள்; படிக்காதவர்கள் உப்பளக் காற்றில் நாலு மாதம் ஒரு ஒயரை வெளியே வைத்தால் அறிவார்கள். தங்க முலாம் களிம்பைத் தடுக்கும், ஒத்துக்கொள்கிறேன். பாட்டுக்கு அது நகை.

பிளேயரால் எதுவுமே மாறாது என்று சொல்வதும் பொய்தான். 300 ஓம் ஹெட்போனை ஓட்டத் திராணி இல்லாத பிளேயர் உண்டு. வெளியீட்டு மின்மறுப்பு அதிகமாக இருந்தால் சில இயர்போன்களின் குணமே திரிந்துவிடும். இவற்றை மீட்டரால் அளக்கலாம், அளந்தால் சாதாரண விலைப் பொருள்களே பெரும்பாலும் தேறிவிடுகின்றன. அதற்கு மேல் கொடுக்கிற காசு உங்கள் காசு, அதைப் பற்றி எனக்கு வழக்கில்லை. ஆனால் இந்தக் கரையில் ஒரு தலைமுறை, மத்திய அலையில் இலங்கை வானொலி கேட்டே பாட்டுப் பைத்தியம் ஆனது. அந்த அலைவரிசையில் ஐந்து கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் அநேகமாக ஒன்றும் வராது.

ஒப்பிட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: அடுத்த முறை பேனாவை எடுக்குமுன் ஒரு வோல்ட்மீட்டரையும், கண்ணைக் கட்ட ஒரு துண்டையும் எடுங்கள். அதுவரை, ஆரம்பத்தில் சொல்வதாகச் சொல்லியிருந்தாலும், எது நல்ல பிளேயர் என்று என்னைக் கேட்க வேண்டாம். பிளேயரை விட்டுவிட்டு நல்ல இயர்போன் வாங்குங்கள்.