ஜனவரியில் இன்னொரு முதல் விருப்பம்

எடிசன், நியூ ஜெர்சி
அக்டோபர் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

  அம்மாவின் முழங்கால் வலிக்கு அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா என்று எழுதவும்.

போன வாரம் போனில், "பிள்ளைக்குக் காலேஜ் முடிவாயிட்டால?" என்று கேட்டீர்கள். இல்லை என்றதும், "மார்க்குதான் தெரியுமே, அப்புறம் என்ன முடிவு?" என்றீர்கள். போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன். இங்கே மார்க் என்பது பத்தோடு பதினொன்று. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய கையோடு காமன் ஆப் என்ற இணையதளத்தில் விண்ணப்பம் நிரப்ப உட்கார வேண்டும். ஒரே கணக்கில் 20 காலேஜ் வரை போடலாம். தன்னைப் பற்றி 650 வார்த்தைக்குள் ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். அந்த வயதில் நம் விவரத்தை எழுதச் சொல்லியிருந்தால் அப்பா பெயர், ஊர், அங்க அடையாளம் இரண்டு மச்சம் என்று நாலு வரியில் முடித்திருப்போம்.

இதில் ஏர்லி டெசிஷன் என்று ஒரு வழி இருக்கிறது. சுருக்கமாக ஈ.டி. பதறாதீர்கள், அமலாக்கத்துறை இல்லை. அதுபோலவே சொத்துக் கணக்கு கேட்கும், அது பிறகு. நம்மூர் வழக்கில் சொன்னால் இது தாம்பூலத் தட்டு மாற்றுவது. பெரும்பாலும் நவம்பர் 1-க்குள் ஒரே ஒரு காலேஜுக்கு, "நீங்கள்தான் என் முதல் விருப்பம். சீட் கொடுத்தால் கட்டாயம் சேருவேன், மற்ற விண்ணப்பங்களை எல்லாம் வாபஸ் வாங்கிவிடுவேன்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளை கையெழுத்து, பெற்றவர் கையெழுத்து, பள்ளிக்கூடத்து கவுன்சிலர் கையெழுத்து. டிசம்பர் நடுவில் பதில் வந்துவிடும். அதற்குப் பிறகு பின்வாங்க ஒரே காரணம்தான் செல்லும்: "நீங்கள் தருகிற உதவித்தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை." கோர்ட்டுக்கு இழுக்க மாட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தின் பெயர் கெடும் என்று கவுன்சிலர் விடமாட்டார்.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் நாலும் கொஞ்சம் பெரிய மனது பண்ணுகிறார்கள். முன்கூட்டியே எங்களிடம் வருகிறவர்கள் அதே சமயம் இன்னொரு தனியார் காலேஜுக்கும் முன்கூட்டிப் போடக் கூடாது என்பதோடு சரி. சீட் கொடுத்தாலும் வந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அக்டோபர் மாதம் பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேசுவரர் கோயில் கேன்டீனில் போய் உட்கார்ந்தால் தெரியும். தோசையைப் பிய்த்துக்கொண்டே, "உங்க பையன் எங்க ஈ.டி.?" என்பார்கள். கேட்கப்பட்டவர், "அவன் இன்னும் ஒண்ணும் சொல்லல சார்" என்று சட்னியில் மும்முரமாகி விடுவார். கொல்லைப்புற மாடு எத்தனை படி கறக்கிறது என்று நம்மூரில் யாராவது வாய் திறந்தார்களா, அதே ரகசியம்தான். ஒரே பள்ளியிலிருந்து ஒரே காலேஜுக்கு நாலு பேர் போட்டால் தன் பிள்ளைக்கு ஆகாது என்ற பயம்.

இந்த அவசரமெல்லாம் எதற்கு என்றால், முன்கூட்டிப் போடுகிறவர்களில் சீட் வாங்குகிறவர்களின் விகிதம் பல காலேஜ்களில் கூடுதல். அந்தக் கூட்டத்தில் விளையாட்டுக்காக ஏற்கெனவே பேசி வைத்த பிள்ளைகளும், அங்கேயே படித்தவர்களின் பிள்ளைகளும் கலந்திருப்பார்கள் என்பதை யாரும் கழித்துப் பார்ப்பதில்லை. ஆகவே முதலில் கணக்குப் போட்டு காலேஜைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அப்புறம் அதுதான் சின்ன வயதிலிருந்தே என் கனவு என்று கட்டுரை எழுதுகிறார்கள். எங்கள் வீட்டிலும் கார்னெல் அப்படித்தான் முதல் விருப்பம் ஆனது.

சரி, நேரில் பார்த்துவிடுவோம் என்று அது இருக்கிற இதாகாவுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். வழியெல்லாம் மலை, பண்ணை, பூசணிக்காய். காலேஜைச் சுற்றிக் காட்ட ஒரு மாணவி வந்தாள். அவள் எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடக்கிறாள் அண்ணா! மேடு, பள்ளம், படிக்கட்டு எதுவும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாய் ஓயாமல் பேச்சு வேறு. லைப் ஸ்லோப் என்று ஒரு சரிவு உண்டு. குற்றாலத்தில் செண்பகா தேவி அருவிக்கு ஏறுகிற மாதிரி எனக்கு மூச்சு வாங்குகிறது, அந்தப் பெண் பின்பக்கமாக நடந்தே மணிக்கூண்டின் வரலாறு சொல்கிறாள். பிள்ளைகள் எல்லாம் பெற்றவர்களைத் தெரியாதவர்கள் போல பத்தடி தள்ளி நடந்தார்கள். காரணம் புரிந்தது. ஒரு அப்பா முதல் வருஷச் சம்பளம் எவ்வளவு வரும் என்று கேட்டார். என் வீட்டுக்காரி கையைத் தூக்கி, தயிர் கிடைக்குமா என்றாள். அவர்களுடைய பால் பண்ணையில் செய்கிற ஐஸ்கிரீமே பிரசித்தம் என்று பதில் வந்தது. நம் பெண் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஊர் திரும்பி கட்டுரை எழுத உட்கார்ந்தாள். "எங்கள் காலேஜ் ஏன்?" என்று ஒவ்வொருவரும் தனியாக ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் திரையில் மூன்று வரி. அதில் இரண்டு வரி அங்குள்ள அருவியைப் பற்றி. அருவிக்காக இதாகா போவானேன், தென்காசிப் பிள்ளை!

எனக்கு 1999 ஞாபகம் வந்தது. கிண்டியில் இன்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்கு நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போனீர்கள். 300-க்குக் கட் ஆஃப் போட்ட காலம். எந்தக் காலேஜில் எத்தனை சீட் மிச்சம் என்று திரையில் காட்டினார்கள், நமக்கு முன்னால் போனவர்கள் அதையும் குறைத்துக்கொண்டே இருந்தார்கள். மிச்சத்தில் ஒன்றைக் காட்டினேன், சீட்டைக் கையில் கொடுத்தார்கள், வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். உன் மனசுக்கு எது பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது பதினேழு வயதுப் பெண்ணிடம், உலகத்திலேயே எது முதலில் பிடிக்கும், கையெழுத்துப் போட்டுச் சொல் என்கிறார்கள். இதில் எது கொடுமை என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

பாதி வீடுகளில் முதல் விருப்பத்தைத் தீர்மானிப்பது யு.எஸ். நியூஸ் என்ற பத்திரிகையின் தரவரிசை. 2021-ல் அதில் கொலம்பியா இரண்டாம் இடம். அங்கேயே கணிதம் சொல்லிக் கொடுக்கும் மைக்கேல் தாடியஸ் என்ற பேராசிரியர், நம் காலேஜ் கொடுத்த புள்ளிவிவரம் சரியில்லை என்று மறு வருஷம் விலாவாரியாக எழுதினார். 2022 செப்டம்பரில் 18-ஆம் இடத்துக்கு வந்துவிட்டது. கட்டடமும் வாத்தியாரும் அதேதான். அதற்கு முந்தின வருஷம் அதுவே என் உயிர் என்று எழுதிக் கொடுத்த பிள்ளைகளின் உயிர் பதினாறு படி இறங்கியதா என்று கேட்க ஆசை.

கடைசியில் கவுன்சிலர் அம்மாள்தான் வழி காட்டினார். பெண்ணிடம் ஒரே கேள்வி: "டிசம்பரில் சரி என்று வந்துவிட்டது. அன்றைக்கே மற்ற எல்லாவற்றையும் வாபஸ் வாங்க வேண்டும். வாங்கும்போது மனசு எப்படி இருக்கும்?" இவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மத்தவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு தெரியாமலே போயிடுமே" என்றாளாம். அப்படியானால் இது முதல் விருப்பம் இல்லை, பிடித்த இடங்களில் ஒன்று என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையே இல்லாதவள்தான் அதில் கையெழுத்துப் போடலாம். வாசலில் அடுத்த மாப்பிள்ளை வீட்டார் வண்டி நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே தட்டு மாற்றக் கூடாது.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம், காரணம் பணம். நல்ல தனியார் காலேஜ் என்றால் சாப்பாடு, தங்கல் சேர்த்து வருஷத்துக்கு 90,000 டாலர் பக்கம். நம் கணக்கில் முக்கால் கோடி. நாலு இடத்தில் சீட் வாங்கி, யார் எவ்வளவு குறைக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஈ.டி.யில் அந்தப் பேரம் கிடையாது. வசதியுள்ள வீடுகளுக்குத்தான் இது தோது என்பதால் 2006-ல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிச் சேர்ப்பதையே நிறுத்துவதாக அறிவித்தார்கள். பெரும்பாலான காலேஜ்கள் பின்னால் வரவில்லை. 2011-ல் இவர்களே கட்டாயமில்லாத ஒரு வழியோடு திரும்பி வந்தார்கள்.

ஆகவே ரட்கர்ஸுக்கு ஏர்லி ஆக்‌ஷன். அதில் சீக்கிரம் பதில் சொல்வார்கள், ஆனால் அது நம்மைக் கட்டாது. மற்றவை ஜனவரியில், பதில் மார்ச் கடைசியில். மே 1-க்குள் முடிவு சொன்னால் போதும். விஷயம் இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். நேற்று ராத்திரி என் வீட்டுக்காரி, "டஃப்ட்ஸ், என்.ஒய்.யூ. எல்லாம் ஈ.டி. இரண்டு வெச்சிருக்காங்களாமே!" என்கிறாள். உண்மைதான். நவம்பரில் முதல் விருப்பம் தவறியவர்களுக்கு ஜனவரியில் இன்னொரு முதல் விருப்பம். அதற்கும் மூன்று கையெழுத்து.

இனி உங்களிடம் ஒரு காரியம். உதவித்தொகைக்கு சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்று ஒரு படிவம். குடியிருக்கிற வீடு தவிர வேறு நிலபுலன் உண்டா, மதிப்பு என்ன என்று கேட்கிறது. அப்பா பெயரில் பட்டா இருக்கிற தோப்பில் நாம் நாலு பேர் இன்னும் பாகம் பிரிக்கவில்லை. என் பங்கு எவ்வளவு, இன்றைய விலை என்ன என்று வி.ஏ.ஓ.விடம் விசாரித்து, உள்ளபடி எழுதி அனுப்பவும். தம்பி பாகம் கேட்டு எழுதிவிட்டான் என்று மதினி மனசு சங்கடப்பட வேண்டாம். கிணற்றடிப் பக்கம் வேண்டும், ரோட்டோரம் வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. எனக்கு எவ்வளவு குறைவாக வருகிறதோ அவ்வளவு நல்லது.

அன்புடன்,
தம்பி