வாசனைப் போஜனம்

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு மத்தியானச் சோறு போடுவது குடும்பத்தின் கடமையா என்னும் தர்மசங்கடமான வினாவுக்கு, சென்னை அடுக்ககத்து எஜமானியம்மாள் ஒருவர் கண்டிருக்கும் தீர்வு மிகவும் சிலாக்கியமானது. நெய் மணக்கப் பருப்புச் சாதத்தைக் குழையப் பிசைந்து, பால்கனிக் காக்காயை வேடிக்கை காட்டி, ஒரு மணி நேரம் ஊட்டுகிறவளுக்கு அந்த வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். வீட்டு வேலைக்கு வருபவரிடம் உணவு உண்டா என்பதையும் தெளிவாகத் தெரிவிக்க வேண்டுமென்று 2011-இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியவர்கள், பாவம், பருப்புச் சாதத்தை முகர்ந்தறியாதவர்கள். பாரதம் அதை இன்னும் அங்கீகரிக்காமலிருக்கும் விவேகம் இதனால் நன்கு விளங்கும். சென்ற வாரம் குழந்தை, "ஆயா, நீ சாப்பிட்டியா?" என்று தன் கவளத்தையே நீட்டிவிட்டது. பதறிப்போன அம்மாள் உடனே வைத்தியரிடம் காட்டினார். வைத்தியர் கட்டணம் ஆயாவின் சம்பளத்தில் பிடிக்கப்படும்.