மூன்று பாடம் போக மீதி நேரம்

இங்கிலாந்தில் பதினாறு வயதுக்குப் பிறகு இரண்டு ஆண்டு படிக்கும் சிக்ஸ்த் ஃபார்ம் காலேஜ் வாழ்க்கையைப் பற்றி இந்த முறை பதில் சொல்கிறேன். கேட்டவர்களில் பாதிப் பேர் பெற்றோர், மீதிப் பேர் அந்தப் பெற்றோரைச் சமாளிக்க வழி தேடும் பிள்ளைகள்.

கே: ஜி.சி.எஸ்.இ.யில் பத்துப் பாடம் படித்த மகன் இப்போது மூன்றே மூன்று படிக்கிறான். 'ஃப்ரீ பீரியட்' என்று சொல்லிப் பகல் பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறான். நம்பலாமா? — ஒரு தந்தை, ஹாரோ

ப: நம்பலாம். 12, 13ஆம் ஆண்டுகளில் பெரும்பாலானவர்கள் எடுப்பது மூன்று ஏ லெவல் பாடங்கள்தான். பாடம் குறைவு, ஆழம் அதிகம். ஃப்ரீ பீரியட் சொந்தமாகப் படிப்பதற்கு. 'படி, படி' என்று பின்னாலேயே வர அங்கே ஆளில்லை. பல காலேஜ்கள் புதன் பிற்பகலை விளையாட்டுக்கும் மன்றங்களுக்கும் ஒதுக்கி, 'என்ரிச்மென்ட்' என்று அட்டவணையிலேயே போட்டுவிடுகின்றன. ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கு வீடு வந்தால் தப்பில்லை. தினமும் வந்தால், காலேஜில் பாதியை அவன் இன்னும் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

கே: டிபேட், செஸ், ரோபாட்டிக்ஸ், மாதிரி ஐ.நா. சபை என்று மகள் ஏழு இடங்களில் பெயர் கொடுத்திருக்கிறாள். படிப்பு என்னாவது? — ஒரு தாய், ஈஸ்ட் ஹாம்

ப: பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். செப்டம்பரில் ஃப்ரெஷர்ஸ் ஃபேர் நடக்கும்போது மேசைக்கு மேசை மிட்டாய் வைத்துக் கூப்பிடுவார்கள். ஏழில் கையெழுத்துப் போடாத பிள்ளைதான் அபூர்வம். அக்டோபர் அரைப்பருவ விடுமுறைக்குள் அதை இரண்டாக்கச் சொல்லுங்கள். ஒன்று அவள் மேற்படிப்போடு ஒட்டியது, மற்றது மனசுக்குப் பிடித்தது. 2026இல் பல்கலைக்கழகம் சேர்பவர்களிலிருந்து, சேர்க்கைக்கான யூகாஸ் விண்ணப்பத்தில் ஒற்றைக் கட்டுரை போய் மூன்று கேள்விகள் வந்துவிட்டன. படிப்புக்கு வெளியே என்ன செய்தாய், அது ஏன் பயன்பட்டது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துக்குறிகள்தான், இடைவெளி உட்பட. ஏழு மன்றத்தின் பெயரை எழுதினால் 'ஏன்' என்பதைச் சொல்ல இடம் இருக்காது.

கே: டியூக் ஆஃப் எடின்பரோ கோல்டு விருதுக்கு யூகாஸ் புள்ளி எத்தனை? — ஒரு தந்தை, லெஸ்டர்

ப: ஒன்றுகூடக் கிடையாது. தொண்டு, உடற்பயிற்சி, பயணம் என்று பிரிவு பிரிவாக முடித்து வாங்கும் இளைஞர் விருது அது. புள்ளி வேண்டுமானால் இ.பி.கியூ. என்ற ஆய்வுத் திட்டம் இருக்கிறது. பிடித்த கேள்வி ஒன்றை எடுத்துச் சுமார் 5,000 சொற்களில் ஆய்வு எழுதி, அதைக் கேட்பவர்கள் முன் விளக்க வேண்டும். ஏ ஸ்டார் வாங்கினால் 28 புள்ளி, அதாவது ஏ லெவல் ஏ ஸ்டாரில் சரிபாதி. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் புள்ளியைக் கூட்டிப் பார்ப்பதில்லை, கிரேடைத்தான் கேட்கின்றன. கோல்டு விருதைப் புள்ளிக்காகச் செய்யவேண்டாம். செய்பவர்கள் எதற்காகச் செய்கிறார்கள் என்பது அடுத்த பதிலில்.

கே: கோல்டு விருதுக்கு மலையில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். அம்மா 'பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு' என்கிறார். — ஒரு மாணவி, டூட்டிங்

ப: விவரம் தெரிந்தால் அம்மாவின் பயத்தில் பாதி போய்விடும் மகளே. நான்கு பகல், மூன்று இரவு. நான்கிலிருந்து ஏழு பேர் ஒரு குழு. பயிற்சியும் ஒத்திகைப் பயணமும் முடிந்த பிறகுதான் உண்மையான பயணம். மேற்பார்வையாளர் கூடவே நடக்கமாட்டார், ஆனால் வழியில் குறித்த இடங்களில் வந்து பார்த்துக்கொள்வார். அம்மாவைப் பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்துப் போ. வரைபடத்தை விரித்து, எந்த இரவு எங்கே தங்குவீர்கள் என்று விரல் வைத்துக் காட்டு. நனைந்த கூடாரத்தை முதுகில் சுமந்துகொண்டு, மூன்றாம் நாள் மழையில் வழி தப்பி, ஆளுக்கொரு திசையைக் காட்டும் ஐந்து பேர் சண்டையை நிறுத்திவிட்டுக் காம்பஸைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறார்களே, அந்தப் பாடத்துக்கு ஏ லெவல் கிடையாது.

கே: சின்ன வயதிலிருந்து பரதம் ஆடுகிறேன், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவுகிறேன். 'இங்கிலீஷ்காரர்கள் மதிக்கிற மாதிரி' புதிதாக ஏதாவது சேர வேண்டுமா? — ஒரு மாணவி, வெம்பிளி

ப: வேண்டவே வேண்டாம். அதே கோல்டு விருதில் நடனம் உடற்பயிற்சிப் பிரிவில் சேரும், தமிழ்ப் பள்ளி உதவி தொண்டுப் பிரிவில் சேரும். முன்கூட்டிப் பதிவு செய்துகொள். சான்று தருபவர் உன் சித்தியாகவோ மாமாவாகவோ இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அரிச்சுவடியே தெரியாத ஆறு வயதுப் பிள்ளையை ஒரு வருடத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்தவள், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது சொல்ல அதைவிட என்ன வேண்டும்?

கே: பழைய ஸ்கூல் நண்பர்கள் யாரும் இந்தக் காலேஜில் இல்லை. கூட்டத்தில் பேசவும் வராது. — ஒரு மாணவன், ரெடிங்

ப: பேச்சு வராதவர்கள் கைக்கு வேலை இருக்கும் இடத்தில் சேர வேண்டும், தம்பி. நாடகத்தில் மேடை விளக்கு, செஸ் போர்டு, காலேஜ் பத்திரிகையின் பக்க வடிவமைப்பு. வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியே ஆக வேண்டும், மூன்றாவது வார்த்தை தானாக வரும். இரண்டு முறை போய்விட்டு விடாதே. நான்காவது முறை போகும்போதுதான் உன் பெயர் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

கே: இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது? கேட்கக் கூச்சமாக இருக்கிறது. — ஒரு தாய், கிராய்டன்

ப: கூச்சம் வேண்டாம் அம்மா, கேட்பவர்களுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 16–19 பர்சரி நிதி உண்டு. போக்குவரத்து, புத்தகம், காலேஜ் பயணச் செலவுகளுக்கு உதவும். காலேஜின் மாணவர் உதவிப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். லண்டனில் 16+ ஸிப் ஆய்ஸ்டர் அட்டை இருந்தால் பஸ் இலவசம். சட்டன் டிரஸ்ட் தொண்டு நிறுவனம் நடத்தும் கோடைப் பள்ளியும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் யூனிக் வழிகாட்டுத் திட்டமும் அரசுப் பள்ளி, காலேஜ் மாணவர்களுக்குக் கட்டணமின்றி நடக்கின்றன. ஆனால் இரண்டும் 12ஆம் ஆண்டில் படிப்பவர்களுக்குத்தான், விண்ணப்பமும் கோடைக்கு வெகு முன்பே முடிந்துவிடும். உங்கள் பிள்ளை இப்போது 12ஆம் ஆண்டில் இருந்தால், இந்த வாரமே காலேஜில் விசாரியுங்கள்.