வெற்றி வினைகள்: வள்ளூர் வடைத்தாள் பாடத்தை முன்வைத்து

1. களமும் மூலமும்

ஒருவர் இன்னொருவரைத் தோற்கடித்தார் என்பதைத் தமிழ் நாளிதழ்கள் அப்படியே எழுதுவது அரிது. வீழ்த்துவார், சாய்ப்பார், சுருட்டுவார், பந்தாடுவார், ஊதித் தள்ளுவார், வெற்றிக்கனியைப் பறிப்பார். பறித்த கனியைத் தின்றாரா, கூறு கட்டி விற்றாரா என்பதற்குச் சான்று இல்லை. இவ்வினைகளுக்கு இலக்கணமும் இல்லை. தொல்காப்பியம் புறத்திணையை ஏழாகப் பகுத்தது. புறப்பொருள் வெண்பாமாலை பன்னிரண்டாக்கியது. இரண்டிலும் வாகை உண்டு, வாக்கு வித்தியாசம் இல்லை. அப்பெருங்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

களம், பொன்னேரி வட்டத்து வள்ளூர். மூலம், அனல்மின் நிலையத்துக்குப் போகும் வழியில் டீக்கடையில் வடை மடித்துத் தரும் நாளிதழ்த் துண்டுகள் (இனி, ‘வடைத்தாள்’). எண்ணெய் ஊறிய இடத்தில் பின்பக்க எழுத்தும் தெரிவதால் ஒரே தாளில் இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஓலைச்சுவடிக்கு இந்த வசதி கிடையாது.

2. நூலிழை வினைகள்

1991-ல் துறைமுகம் தொகுதியில் மு. கருணாநிதி 890 வாக்குகளில் வென்றார். 2016-ல் ராதாபுரத்தில் அப்பாவு 49 வாக்குகளில் தோற்றார். அதே தேர்தலில் காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார். 2021-ல் தியாகராய நகரின் வித்தியாசம் 137. எல்லாவற்றுக்கும் ‘நூலிழை’தான் என்றால் அது என்ன நூல்? 40-ஆம் நம்பரா, 80-ஆம் நம்பரா? பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளில் கேட்டபோது, “எத்தனை மீட்டர் வேணும்?” என்ற மறுவினாவே விடையாகக் கிடைத்தது.

தாள்களை ஒப்பிட்டதில் ஒரு விதி புலப்பட்டது. நம் கட்சி 137-ல் வென்றால் ‘வாகை சூடியது’. எதிர்க்கட்சி 137-ல் வென்றால் ‘நூலிழையில் தப்பியது’. ஆக, இழையின் தடிமன் வாக்கு எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. பத்திரிகை முதலாளியைப் பொறுத்தது (வடைத்தாள், 2-ஆம் மடிப்பு).

3. சாதா வினை

‘வென்றார்.’ ஆராய ஒன்றுமில்லை.

4. துவம்ச வினைகள்

2024 மக்களவைத் தேர்தலில், வள்ளூர் அடங்கிய திருவள்ளூர் தொகுதியில் சசிகாந்த் செந்தில் 5,72,155 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். இதற்குப் பத்திரிகை வினைகள் போதவில்லை. டீக்கடைப் பெஞ்சின் ‘வெச்சு செஞ்சிட்டாங்கோ’ ஒன்றே தாங்கியது. எதை வைத்தார்கள், எதைச் செய்தார்கள் என்று கேட்கக் கூடாது. உரையாசிரியர் மரபில் இத்தகைய இடங்களில் ‘பொருள் வெளிப்படை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

அதே ஆண்டு அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புது வண்ணாரப்பேட்டை காசிமா மூன்று தங்கம் வென்றார். ‘தங்கம் குவித்தார்’ என்கிறது தாள். மூன்றைக் குவியல் எனலாமா? தக்காளி என்றால் கூடாது, தங்கம் என்றால் ஒன்றே குவியல் (வடைத்தாள், 3-ஆம் மடிப்பு, கறைக்குக் கீழ், பின்பக்கப் பாடத்தில் வரன் தேவை விளம்பரம்).

5. மண்ணைக் கவ்வல்

இதுவே ஆய்வின் உயிர்நிலை. தோற்றவர் மண்ணைக் கவ்வுகிறார் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே பிணக்கில்லை. எந்த மண் என்பதில்தான் குழாயடிச் சண்டை.

1967-ல் விருதுநகரில் காமராஜர் 1,285 வாக்குகளில் பெ. சீனிவாசனிடம் தோற்றார். கவ்வியது கரிசல் என்று ஒரு சாரார் சாதிப்பார்கள். ஆனால் 2014-ல் எண்ணூர் துறைமுகத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள்; இந்த வட்டாரத்துக் கன்டெய்னர் லாரிகள் இன்றும் அந்தப் பெயரை நோக்கித்தான் வரிசையில் நிற்கின்றன. தோற்றவர் பெயரில் துறைமுகம். வென்றவர் பெயர் வினாடி வினாவில். ஆகவே கவ்வுதல் என்பது நெடுநாள் முதலீடாகவும் இருக்கலாம்.

வள்ளூரில் சிக்கல் முற்றுகிறது. இங்குள்ள அனல்மின் நிலையம் 1,500 மெகாவாட். 500 வீதம் மூன்று அலகுகள். எரிக்கும் நிலக்கரியில் கணிசமான பங்கு சாம்பலாகிறது. பக்கத்து அத்திப்பட்டிலும் அனல்மின் நிலையம் உண்டு. குழாய் வெடித்தால் சாம்பல் குழம்பு கொசஸ்தலை ஆற்றில் கலக்கும். காற்று அடித்தால் கொடியில் காயும் வேட்டியில் படியும். எனில், இங்கே தோற்றவர் கவ்வுவது மண்ணா, சாம்பலா? மண் கட்சியார் ‘மரபு’ என்கிறார்கள். சாம்பல் கட்சியார் ‘களநிலவரம்’ என்கிறார்கள். இரு கட்சியாரும் எண்ணூர் கழிமுகத்துக்கு வந்ததில்லை. கருத்தரங்குக்கு மட்டும் வருவார்கள், அதுவும் மதிய உணவுக்குச் சற்று முன்னர். ஒத்துப்போகலாமே என்றால் அதற்கும் வழியில்லை: இருவர் ஒரே கருத்தைச் சொன்னால் ஒருவருக்குப் பதவி உயர்வு நின்றுவிடும்.

தீர்ப்பு டீக்கடையில் கிடைத்தது. “இன்னா நைனா, உங்க ஆளு மண்ணக் கவ்விட்டாராமே?” என்றான் ஒருவன். “மண்ணு எங்கடா கீது இங்க? அவரு ஒரு நாள் கவ்வுனாரு. நாம ஜெயிச்சாலும் தோத்தாலும் தெனம் கவ்வுறோம்” என்றார் பெரியவர் (பெஞ்சுப் பாடம், காலை ஷிப்ட், நைட் ஷிப்ட் பாடத்தில் ‘தெனம்’ என்பதற்கு ‘மூணு வேளையும்’ என்று பாடபேதம், ஒப்பிடுக: போண்டாத்தாள், 4-ஆம் மடிப்பு, மிளகாய் விதை ஒட்டிய வரி, அடுத்த வரி சட்னியால் சிதைந்தது, அதற்கடுத்த வரியை ஆய்வாளர் பசியில் கவனியாது மென்றுவிட்டார் என்பது மரபுவழிச் செய்தி).

6. முடிவுரை

வென்றவனுக்கு நூறு வினை உண்டு. தோற்றவனுக்கு இருப்பவை காரணங்கள்: பணம், மழை, கூட்டணி, வாக்கு இயந்திரம். அவை அடுத்த ஆய்வுக்குரியவை. நிதி கிடைத்தால் மசால்வடைத் தாள்களும் சேர்க்கப்படும்.

இக்கட்டுரையை எவரும் மறுத்து எழுதலாம். ஆனால் நான் நூலிழையில் தப்பினேனா, மறுத்தவரை ஊதித் தள்ளினேனா என்ற செய்தியை நானேதான் எழுதுவேன்.